பழைய விமானமும் தீயின் நிமிடக் கணக்கும்

(அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்கள். மீதிப் பேர் விமானங்களைத் தூரத்திலிருந்து ரசிப்பவர்கள் என்று சொன்னார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுபது, எண்பது வயதான சிறு விமானங்களை உலகத்தின் பல மூலைகளில் இன்னும் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீயிலிருந்து காத்துக்கொள்ள அவற்றில் என்னென்ன மாற்றங்கள் செய்கிறார்கள்? அந்த மாற்றங்களால் உண்மையில் கிடைப்பது என்ன?

எந்த விமானங்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் டைகர் மாத் 1931இல் முதன்முதலாகப் பறந்தது. 8,000க்கு மேல் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய விமானிகள் பலர் பறக்கக் கற்றது இதில்தான். அமெரிக்காவின் பைப்பர் ஜே-3 கப் 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 உருவாயின. நம் பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் கட்டிய புஷ்பக் 1958இல் பறந்தது. நாடெங்கும் உள்ள ஃபிளையிங் கிளப்புகளுக்குப் போனது. மூன்றும் ஒற்றை எஞ்சின் கொண்டவை, துணி போர்த்தியவை, இருவர் மட்டுமே உட்காரக்கூடியவை. இன்று நாம் கடைப்பிடிக்கும் தீப்பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை எழுதப்படும் முன்பே பிறந்தவை.

இந்த உரை முழுக்க ஒரே ஒரு கணக்கைத்தான் சொல்லப்போகிறேன். அது நிமிடக் கணக்கு. சிறு விமானத்தில் தீப்பிடித்தால் அதை ஆகாயத்திலேயே முழுவதும் அணைத்துவிடலாம் என்று யாரும் பெரிதாக நம்புவதில்லை. தரைக்கு வந்து, நின்று, இறங்கி ஓடும்வரை தீயை மனிதரிடமிருந்து தள்ளிவைக்க வேண்டும். அதற்கு எத்தனை நிமிடம் தேவை, விமானம் எத்தனை நிமிடம் தாங்கும்? இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள போட்டிதான் தீப்பாதுகாப்பு.

2,000 அடி உயரத்தில் பறக்கும்போது எஞ்சினில் தீ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கினால் நான்கு நிமிடம் ஆகும். 1,000 அடி வீதம் இறங்கினால் இரண்டு நிமிடம். பழைய விமானிகள் சைட்ஸ்லிப் என்று ஒரு வித்தை செய்வார்கள்: விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கை மறுபக்கம் திருப்பி, சறுக்கிக்கொண்டே இறங்குவது. உயரம் வேகமாகக் குறையும். தீயும் காக்பிட்டை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு முதல் ஐந்து நிமிடம் தேவை.

இப்போது மறுபக்க எண். விமான விதிகளில் இரண்டு தரங்கள் உண்டு. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் தீச்சுடரை ஐந்து நிமிடம் தாங்கினால் அந்தப் பொருள் தீயை எதிர்க்கும் தரம். பதினைந்து நிமிடம் தாங்கினால் தீ புகாத தரம். எரிபொருள் குழாய்களுக்குப் பொதுவாக முதல் தரமாவது வேண்டும். எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலுக்கு இரண்டாவது தரம் வேண்டும். தரையிறங்கத் தேவைப்படும் நேரத்தை இந்த எண்களோடு ஒப்பிட்டால் கணக்கு சரியாக வருவதுபோல் தெரியும். பழைய விமானத்தில் அது எங்கெங்கே உடைகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1916இல் பறந்த டி.எச்.4 என்ற குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட். பின்னாளில் டைகர் மாத் தந்த நிறுவனம் அவருடையதுதான். டி.எச்.4இல் முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கி ஏந்திய துணைவர், இருவருக்கும் நடுவே பெரிய பெட்ரோல் டேங்க். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. விமானம் தரையில் மோதினால் முன்னே எஞ்சினுக்கும் பின்னே டேங்குக்கும் இடையில் விமானி நசுங்குவார். அமெரிக்காவில் கட்டப்பட்ட டி.எச்.4 விமானங்களை அங்குள்ளவர்கள் எரியும் சவப்பெட்டி என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் கொஞ்சம் மிகை என்று வாதிடுவோரும் உண்டு. பயம் மட்டும் உண்மை.

அதற்குச் செய்த மாற்றம் எளிமையானது. டி.எச்.9 என்ற அடுத்த வடிவத்தில் விமானியைப் பின்னுக்கு நகர்த்தித் துணைவருக்கு அருகில் உட்காரவைத்தார்கள். அமெரிக்கர்கள் தங்கள் டி.எச்.4பி வடிவத்தில் விமானி இருக்கையையும் டேங்கையும் இடம் மாற்றினார்கள். அமெரிக்கத் தபால் துறை இந்த விமானங்களை வாங்கி, முன் இருக்கை இருந்த இடத்தில் தபால் பைகளை வைத்து, விமானியைப் பின் இருக்கைக்கு அனுப்பியது. புது உலோகமும் தேவைப்படவில்லை, புது வேதிப்பொருளும் தேவைப்படவில்லை. மனிதரையும் பெட்ரோலையும் எப்படி அடுக்குவது என்ற ஒரே கேள்விதான்.

ஆனால் அந்த வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பைப்பர் கப்பில் 45 லிட்டர் டேங்க், ஃபயர்வாலுக்கும் கருவிப்பலகைக்கும் நடுவே, முன் இருக்கைக்காரரின் முழங்காலுக்கு மேலேயே இருக்கிறது. டைகர் மாத்தில் மேல் இறக்கையின் நடுப்பகுதிதான் டேங்க், அதாவது விமானியின் தலைக்கு முன்மேலே. இரண்டிலும் பம்ப் கிடையாது; புவியீர்ப்பில் பெட்ரோல் தானாக இறங்கி கார்புரேட்டருக்குப் போகிறது. பழுதாக ஒன்றுமில்லாத அருமையான ஏற்பாடு. ஆனால் கீழே குழாய் உடைந்தால் டேங்க் காலியாகும்வரை தீக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் காஸைத்தான் மூடுவார்கள். இங்கேயும் முதல் வேலை அடைப்பு வால்வை மூடுவதுதான். வால்வை மூடிவிட்டால் எரிவதற்கு மிஞ்சுவது குழாயிலும் கார்புரேட்டரிலும் உள்ள கொஞ்சம் பெட்ரோல் மட்டுமே. ஆகவே வால்வு இறுகாமல் திரும்புகிறதா, பெல்ட் கட்டிய நிலையில் கைக்கு எட்டுகிறதா, மூடினால் முழுக்க மூடுகிறதா என்று பார்ப்பதுதான் நான் சொல்லப்போகும் எல்லா மாற்றங்களுக்கும் முந்தியது. செலவும் இதற்குத்தான் குறைவு.

அடுத்தது துணி. பழைய விமானத்தின் போர்வை பருத்தி அல்லது லினன். அதை இறுக்கி, காற்றுப் புகாமல் செய்ய டோப் என்ற பூச்சைத் தடவுவார்கள். ஆரம்ப காலத்து டோப்பின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த துப்பாக்கிப் பஞ்சும் இதே குடும்பம். அந்தக் காலத்து சினிமாப் படச்சுருளும் இதேதான். இதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பற்றிக்கொண்டால் வெளிக்காற்றுக்குக்கூடக் காத்திருக்காது. முதல் உலகப் போரில் விமானிகள் குண்டைவிடத் தீக்கே அதிகம் அஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம். மிக் மன்னாக் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் விமானி, தீப்பிடித்தால் தன்னையே சுட்டுக்கொள்வதற்காகக் கைத்துப்பாக்கியுடன் பறந்தார் என்பார்கள். 1918 ஜூலையில் அவர் விமானம் எரிந்தபடியேதான் விழுந்தது.

பின்னாளில் ப்யூட்டிரேட் டோப் வந்தது. இதுவும் எரியும், ஆனால் மெதுவாக. பெரிய மாற்றம் பாலியெஸ்டர் துணியோடு வந்தது. 1941இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த இழை போருக்குப் பின் விமானங்களுக்கும் வந்துசேர்ந்தது. பருத்தித் துணியை இறுக்க டோப் வேண்டும். பாலியெஸ்டரோ சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் தானே சுருங்கி இறுகிவிடும். டோப்பின் முக்கிய வேலையே போய்விட்டதால், எளிதில் தீ பரவாத வினைல் வகைப் பூச்சுகளுக்கு இடம் கிடைத்தது. கூடவே, சில ஆண்டுகளில் நைந்துபோகும் பருத்திக்குப் பதிலாகப் பல பத்தாண்டு உழைக்கும் துணியும் கிடைத்தது. இன்று பறக்கும் கப், டைகர் மாத் விமானங்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் அணிந்தவையே.

மாணவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. சில முறைகளில் பாலியெஸ்டர் மேலும் முதல் பூச்சாக நைட்ரேட் டோப் அடிக்கிறார்கள், நன்றாக ஒட்டும் என்பதால். அந்த வேலை நடக்கும் பட்டறையில் விமானம் பறக்கும்போது இருப்பதைவிட ஆபத்து அதிகம். ஸ்பிரே அடித்தபின் தரையில் படியும் காய்ந்த தூளை அப்படியே பெருக்கக்கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

இப்போது ஃபயர்வாலுக்கு வருகிறேன். அமெரிக்கச் சிறு விமான விதிகள், தனியாகச் சோதனை செய்யாமலே ஏற்கக்கூடிய தகடுகள் என்று சிலவற்றைப் பல பத்தாண்டுகளாகப் பட்டியலிட்டிருந்தன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 0.38 மில்லிமீட்டர் கனம் போதும். டைட்டானியம் 0.41, துருப்பிடிக்காமல் பூசிய சாதாரண எஃகு 0.46. நம் கையில் உள்ள விசிட்டிங் கார்டு அளவு கனம்தான்! அலுமினியத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அது 660 டிகிரியில் உருகிவிடும். உருகுவதற்கு வெகு முன்பே, 300 டிகிரியை நெருங்கும்போதே, வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். 1,100 டிகிரிச் சுடருக்கு முன்னால் அது நிற்பது நொடிக் கணக்கில்தான்.

ஒரு சதுர மீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு இந்தக் கனத்தில் மூன்று கிலோ. சிறு விமானத்துக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது. ஆகவே தகடு மாற்றுவது பெரிய விஷயமில்லை. தகட்டில் போடும் துளைகள்தான் விஷயம். த்ராட்டில் கேபிள், எரிபொருள் குழாய், மாக்னெட்டோ கம்பி, ஆயில் அளவிக் குழாய், ஹீட்டர் காற்றுக் குழாய் எல்லாம் அந்தச் சுவரைத் துளைத்துத்தான் காக்பிட்டுக்கு வரவேண்டும். எண்பது ஆண்டில் யார் யாரோ துளைத்த, பின் பயன்படாமல் விட்ட துளைகளும் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு ரப்பர் கிராமெட், அதாவது துளையின் விளிம்பில் பொருத்தும் வளையம். தகடு பதினைந்து நிமிடம் தாங்கும்; ரப்பர் ஒரு நிமிடமாவது தாங்குமா? ரப்பர் எரிந்ததும் அந்தத் துளை வழியாக அழுத்தமான சுடர் ஒரு குழல்போல விமானியின் கால் பக்கம் பாயும். சுவரின் ஆயுள் அதிலுள்ள மிகப் பலவீனமான துளையின் ஆயுள்தான்.

இதற்கான மாற்றங்கள் சின்னச் சின்னவை: ரப்பருக்கு மேல் எஃகு மூடி, கம்பிகளுக்கு எஃகுக் கழுத்து, இடுக்குகளுக்குத் தீத்தாங்கும் அடைப்புப் பசை, பயனற்ற துளைகளுக்கு எஃகு ஒட்டு. அந்த ஒட்டை அலுமினிய ரிவெட்டால் பிடித்தால் செய்த வேலை வீண். ரிவெட் உருகி, ஒட்டு கீழே விழும். ஹீட்டர் வால்வும் எஃகாக இருக்க வேண்டும். தீ என்று தெரிந்ததும் அதையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் நாமே தீக்கு வழி திறந்து வைத்தவர்களாவோம்.

நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு கெடுதலையும் இங்கே சொல்ல வேண்டும். சத்தத்தையும் சூட்டையும் குறைக்கலாமென்று ஃபயர்வாலின் காக்பிட் பக்கத்தில் ஃபோம் ஒட்டுவார்கள். அப்பால் தீ எரியும்போது எஃகு உருகாது. ஆனால் செக்கச்செவேலென்று காயும். இந்தப் பக்கம் உள்ள பசையும் ஃபோமும் தொடாமலே பற்றிக்கொள்ளும், விஷப்புகை கக்கும். காப்பு வேண்டுமென்றால் எரியாத பீங்கான் இழைத் தாளை எஞ்சின் பக்கத்தில், மெல்லிய எஃகுத் தகட்டால் மூடி, வைப்பதே முறை.

ஃபயர்வாலுக்கு முன்னால், எஞ்சின் அறைக்குள் என்ன இருக்கிறது? பழைய விமானங்கள் பலவற்றில் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, குழாயின் தாழ்வான இடத்தில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வடிகட்டி இருக்கும். தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் தீயில் அந்தக் கண்ணாடி வெடிக்கும், அதைப் பிடித்திருக்கும் அடைப்பு வளையம் கருகும், புவியீர்ப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். உலோகக் கிண்ணமாக மாற்றிவிட்டு, அடியில் வடிகால் வால்வு வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது இன்றைய வழக்கம். எஞ்சின் அறைக்குள் அலுமினியக் குழாய் இருந்தால் அதையும் மாற்றுகிறார்கள். செம்புக் குழாய்க்கு வேறு குறை: அதிர்வில் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு விரிசல் விடும்.

வளையும் ஹோஸ்களுக்கு மேல் சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழை உறை மாட்டுவார்கள். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், எஞ்சின் மூடியைத் திறந்ததும் கண்ணில் படும். சில நொடி தாங்கும் ரப்பரை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவருவது அந்த உறைதான். ஆனால் அதன் இரண்டு முனைகளையும் அடைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் கசிந்த ஆயிலைத் திரிபோல உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். உறைக்குள் ஹோஸ் வெடித்திருப்பதும் வெளியே தெரியாது. பழைய விமானம் ஆண்டுக்குச் சில மணி நேரமே பறந்திருந்தாலும் ரப்பர் நாள்காட்டியைப் பார்த்துத்தான் முதிரும். மணிக்கணக்கைப் பார்த்து மாற்றினால் போதாது.

பறக்கும்போது வரும் தீயைப் பற்றியே பேசிவந்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் தீயையும் பார்க்க வேண்டும். டைகர் மாத்தைக் கிளப்பும் முறையே பெட்ரோலைச் சிந்துவதில் தொடங்குகிறது. கார்புரேட்டரிலுள்ள ஒரு சிறு முளையை விரலால் அமுக்கி, கீழே வடிகுழாயில் பெட்ரோல் சொட்டும்வரை நிரப்ப வேண்டும். பிறகு ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுவார். அந்த நேரத்தில் எஞ்சின் பின்னோக்கி ஒரு முறை தும்மினால், சொட்டிய பெட்ரோல் பற்றும். வடிகுழாய் அடைபடாமல், பெட்ரோலை மூடிக்கு வெளியே கொண்டுபோய் விட்டால் ஆபத்து பாதி குறையும். மீதிப் பாதிக்குத் தீயணைப்பானைக் கையில் பிடித்தபடி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ள விமானமானால் விமானி பயந்து நிறுத்திவிடக் கூடாது. தொடர்ந்து சுழற்றினால் எஞ்சினே சுடரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எரிபொருளை அடைத்துவிட்டு அதைச் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட்டர் என்றதும் மின்சாரம் நினைவுக்கு வரும். ஜே-3 கப்பிலும் டைகர் மாத்திலும் ஆதியில் பேட்டரியே கிடையாது. தீப்பொறிக்கு மாக்னெட்டோ தானே மின்சாரம் செய்துகொள்ளும். ஆகவே மின்கசிவுத் தீ என்ற நோயே அவற்றுக்கு இல்லை. இன்று வசதிக்காக ரேடியோ, விளக்கு, ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் சேர்க்கிறார்கள். சேர்க்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரு புதிய தீ மூலம். சேர்த்தே ஆகவேண்டுமென்றால், எரிந்தால் அமிலப்புகை விடும் பிவிசி உறைக் கம்பி கூடாது. டெஃப்செல் உறைக் கம்பி, ஒவ்வொரு சுற்றுக்கும் சர்க்யூட் பிரேக்கர், பேட்டரிக்கு அருகிலேயே துண்டிக்கும் மாஸ்டர் ரிலே, இவ்வளவும் வேண்டும்.

தீயணைப்பானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய விமானங்களில் பித்தளைக் கைப்பம்பில் கார்பன் டெட்ராகுளோரைடு வைத்திருப்பார்கள். சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. அழகுக்காக அந்தப் பித்தளைப் பம்பை மாட்டிவைப்பவர்கள் உள்ளே காலியாக இருப்பதை உறுதி செய்துகொள்ளட்டும். அதற்குப் பின் ஹேலான் என்ற தீயணைக்கும் வாயு வந்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில், வளர்ந்த நாடுகள் 1994 தொடக்கத்தோடு அதன் உற்பத்தியை நிறுத்தின. சேமித்து மறுசுழற்சி செய்த ஹேலானும் அதற்கு மாற்றாக வந்த வாயுக்களும் இப்போது புழக்கத்தில் உள்ளன. உலர் பவுடர் மலிவு; ஆனால் மூடிய காக்பிட்டில் அடித்தால் விமானிக்குக் கண் தெரியாது, அலுமினியத்தையும் அரிக்கும். எந்த வகையானாலும் காக்பிட்டில் உள்ள சிறு குப்பி ஃபயர்வாலுக்கு அப்பால் எரியும் தீயை ஒன்றும் செய்யாது. கருவிப்பலகைக்குப் பின்னால் புகைந்தால் உதவும், தரையிறங்கியபின் வெளியேற வழி செய்துகொள்ள உதவும்.

மோதலுக்குப் பின் வரும் தீ இன்னொரு வகை. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைத் தனியாக ஆராய்ந்து 2006இல் அறிக்கை வெளியிட்டது. மோதலில் பிழைக்கக்கூடியவர்கள் தீயால் இறக்கிறார்கள் என்பதே அதன் கவலை. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களிலும் மோதிய நொடியில் பேட்டரியைத் துண்டிப்பது போன்ற மாற்றங்கள் சாத்தியமா என்று ஆராயச் சொன்னது. அமெரிக்க விமானத்துறை, மோதலில் உடையாத எரிபொருள் அமைப்பைப் புதிய சிறு விமானங்களுக்குக் கட்டாயமாக்க 1990இல் முன்மொழிந்து, செலவுக் கணக்கைக் காட்டி 1999இல் கைவிட்டது. புதியவற்றுக்கே இந்த நிலை என்றால் பழையவற்றுக்கு யார் கட்டாயப்படுத்துவார்கள்? எந்த ஆண்டு விதியின்படி சான்று பெற்றதோ அந்த விதியின் கீழேயே விமானம் ஆயுள் முழுக்கப் பறக்கலாம் என்பது உலக வழக்கம். ஆகவே இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை உரிமையாளரின் விருப்பம். ஆனால் விரும்பினால்கூட இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. அமெரிக்காவில் துணைச் சான்றிதழ் வேண்டும், இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) ஒப்புதல் வேண்டும்.

அப்படியானால் மோதல் தீக்கு என்ன செய்யலாம்? இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள விமானத்தில் தோள் பெல்ட் மாட்டுங்கள். இது தீப்பாதுகாப்பா என்று கேட்பீர்கள். தலை கருவிப்பலகையில் மோதி மயங்கியவருக்கு ஃபயர்வால் தரும் பதினைந்து நிமிடத்தால் என்ன பயன்? நினைவோடு இருப்பவருக்குத்தான் நிமிடங்கள் உதவும். ஆனால் தோள் பெல்ட் மாட்டியபின் எரிபொருள் வால்வு கைக்கு எட்டுகிறதா என்று மறுபடி பாருங்கள். ஒரு மாற்றம் இன்னொன்றைக் கெடுப்பது இப்படித்தான்.

எடையும் அப்படிக் கெடுக்கும். கப்பின் வெற்று எடை சுமார் 345 கிலோ. பறக்கும்போது உச்ச எடை சுமார் 550. இடையில் 205 கிலோ. தலா 75 கிலோவில் இருவர், டேங்க் நிறைய பெட்ரோல் 33 கிலோ என்றால் மிஞ்சுவது 22 கிலோதான். பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டையும் மாட்டினாலே அது கரைந்துவிடும். அறுபத்தைந்து குதிரைத்திறன் எஞ்சின் மெதுவாக ஏறும். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குக் கீழே இறங்க இடம் தேட நேரம் குறைவு. நிமிடம் சேர்க்கப் போய் நிமிடம் இழந்த கதையாகும்.

இவ்வளவும் சொன்னபின் அசல் தன்மை என்ற கேள்வி எழும். 1940இல் இருந்ததுபோலவே வைத்திருப்பதுதானே பாரம்பரியம் என்பார்கள். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்துக்கு அந்த வாதம் பொருந்தும். பறக்கும் விமானத்தில் எஃகு மூடியிட்ட கிராமெட்டும் உறையிட்ட ஹோஸும் மூடிக்கு உள்ளே இருப்பவை. பார்வையாளர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியும் ஒரே பெரிய மாற்றம் துணி, அதையும் பழைய நிறத்திலேயே பூசலாம். டி.எச்.4 விமானத்தில் இருக்கையை மாற்றியவர்களும் அந்தக் காலத்தவர்கள்தான். விமானத்தை மாற்றிக்கொண்டே பறப்பது விமானத்தின் பிறப்பிலிருந்தே உள்ள பழக்கம்.

கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் யாருக்காவது நாளை ஒரு பழைய விமானத்தைப் புதுப்பிக்கும் வேலை கிடைக்கலாம். பணம் போதாது என்றுதான் உரிமையாளர் சொல்வார். அப்போது இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். முதலில் அடைப்பு வால்வு, அடுத்து எஞ்சின் அறைக் குழாய்களும் ஹோஸ்களும், மூன்றாவது ஃபயர்வால் துளைகள், நான்காவது தோள் பெல்ட், ஐந்தாவது தீயணைப்பான். துணி மாற்றும் முறை வரும்போது பாலியெஸ்டர். புதிய ரேடியோவும் பளபளப்பான பெயின்ட்டும் கடைசியில். ஒவ்வொன்றையும் முடித்தபின், இதனால் விமானிக்கு எத்தனை நிமிடம் கூடியது, எங்கேயாவது ஒரு நிமிடம் குறைந்ததா என்று எழுதிவையுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாத மாற்றம் எதையும், யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், செய்யாதீர்கள்.